சோழனைச் சிறைவைத்த காடவன்

தமிழக வரலாற்றில் சிற்றரசர்களுக்கு நல்ல பெயர் வாய்ப்பது அரிது. பேரரசர்களுக்குக் கோயில் உண்டு, சிலை உண்டு, ஆண்டுதோறும் சதய விழா உண்டு. சிற்றரசர்களுக்கு வாய்த்ததெல்லாம் நள்ளிரவில் கூடிச் சதி பேசும் பாத்திரம்தான். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த நாள்தொட்டு, பழுவேட்டரையர், சம்புவரையர் என்ற பெயர்களைக் கேட்டாலே மூடிய அறையும் மங்கிய விளக்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மன்னனுக்கு அடங்கியவன் வீரன், அடங்காதவன் துரோகி என்ற எளிய கணக்கை நாம் கதைகளிலிருந்து எடுத்துவந்து வரலாற்றின்மீதும் ஏற்றிவிட்டோம்.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒருவன் 13-ஆம் நூற்றாண்டில் இருந்தான். காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன். தான் திறை செலுத்தவேண்டிய சோழப் பேரரசனையே போரில் பிடித்து, அமைச்சர்களுடன் தன் கோட்டையில் அடைத்துவைத்தவன். இராசராசன் என்ற பெயரைத் தாங்கிய ஒரு சோழ மன்னன் சிற்றரசன் ஒருவனின் சிறையில் நாள்களை எண்ணினான் என்பதை இன்றும் பலரால் நம்ப இயலவில்லை. கல்வெட்டுகள் அதனை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன.

உலக வரலாற்றில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஏறத்தாழ அதே தலைமுறையில் இங்கிலாந்தில் லெஸ்டர் பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட், தன் மனைவியின் உடன்பிறந்தவனும் நாட்டின் மன்னனுமாகிய மூன்றாம் ஹென்றியை 1264 மே மாதம் லூயிஸ் போர்க்களத்தில் சிறைப்பிடித்தார். அடுத்த ஆண்டே நகரங்களின் பிரதிநிதிகளையும் அழைத்து அவர் கூட்டிய மன்றத்தை ஆங்கிலேயர் தங்கள் நாடாளுமன்றத்தின் முன்னோடிகளில் ஒன்றாகப் போற்றுகின்றனர். 1265 ஆகஸ்டில் ஈவ்ஷாம் களத்தில் அவர் வீழ்ந்தார். உடல் துண்டுதுண்டாக வெட்டப்பட்டது. ஆயினும் அந்நாட்டின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும். அவருக்கு 33 ஆண்டுகள் முன்பே அச்செயலைச் செய்து, அதன் பின்னும் உயிருடன் இருந்து, தன் மகனை மன்னனாக்கிவிட்டுப் போன காடவனின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் வாழும் பெரும்பாக்கம் அன்று செயங்கொண்ட சோழமண்டலம் என வழங்கிய தொண்டை நாட்டின் ஒரு மூலை. வேளச்சேரிக் கோயில் கல்வெட்டுகள் இந்தப் பக்கத்தைப் புலியூர்க் கோட்டம் என்கின்றன. சோழர் ஆட்சி தளர்ந்த காலத்தில், வட எல்லையில் தெலுங்குச் சோடரும் தெற்கே காடவரும் இந்நாட்டின்மீது மாறிமாறிக் கை வைத்தனர். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இப்போது எங்கள் ஊரில்தான் இயங்குகிறது. சங்க இலக்கியத்தைத் தேடி அங்கு வருவோர் பலர். அந்த வழியாகச் செல்லும்போதெல்லாம், பிற்காலக் கல்வெட்டுகளின் பக்கமும் நம் இளைஞர்களின் பார்வை திரும்பவேண்டும் என்று எண்ணுவேன். கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 12-ஆம் தொகுதியில் பல்லவர் கல்வெட்டுகளோடு சேர்த்தே அச்சிடப்பட்டுள்ளது. அவன் தன்னைப் பல்லவன் என்று அழைத்துக்கொண்டதே காரணம்.

காடவர் எளிய நிலையிலிருந்து எழுந்த குடும்பத்தினர். கெடிலம், பெண்ணை ஆறுகளுக்கு இடைப்பட்ட திருமுனைப்பாடி நாட்டில் சோழருக்குப் படைத்தொண்டு செய்து வளர்ந்தவர்கள். 1186-ஆம் ஆண்டைச் சேர்ந்த விருத்தாசலக் கல்வெட்டொன்று இக்குடும்பத்தின் தலைமுறைகளை வரிசையாகச் சொல்லி, அவர்கள் பக்கத்துத் தலைவர்களை வென்ற கதையைப் பெருமையுடன் பாடுகிறது. சோழப் பேரரசன் உயிருடன் இருக்கும்போதே அவனுடைய இரு தலைவர்கள் தமக்குள் போரிட்டு ஊரை அழிக்கலாம், அதனைக் கோயில் சுவரிலும் வெட்டிவைக்கலாம் என்றால், பேரரசின் பிடி எந்த அளவுக்குத் தளர்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பிடி முற்றிலும் நழுவியது 1216-ஐ ஒட்டி. மதுரையில் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டின்மீது பாய்ந்தான். தஞ்சையும் உறந்தையும் தீக்கிரையாயின. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குப் பரிசாகக் கிடைத்த 16 கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு கூறும். சோழனின் முடிகொண்ட நகரில் தனக்கு வீராபிடேகம் செய்துகொண்டு, பொன்னமராவதிக்குத் திரும்பிய பிறகு, முதிய மூன்றாம் குலோத்துங்கனை வரவழைத்து நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். போசளப் படை சோழனுக்குத் துணையாக வந்ததும் அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு காரணம். அன்றுமுதல் சோழன் பாண்டியனுக்குத் திறை கட்டும் மன்னன் ஆனான். போசளனின் தயவில் வாழும் மன்னனும் ஆனான்.

மூன்றாம் இராசராசன் ஏற்றுக்கொண்ட அரசு இதுதான். அவன் திறமையற்றவன் என்று வரலாற்றாசிரியர்கள் ஏறத்தாழ ஒரே குரலில் எழுதியுள்ளனர். திறமையுள்ளவனாக இருந்தாலும் அந்த நிலையில் என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அவன் செய்த ஒன்றை மன்னிப்பது கடினம். வலிமை திரட்டாமலேயே பாண்டியனுக்குத் திறை கட்ட மறுத்தான். சுந்தரபாண்டியன் மீண்டும் வந்தான். 1231-ஐ ஒட்டிய அந்தப் போரில் சோழன் தோற்று, தலைநகரை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டான். போசள வீரநரசிம்மனிடம் சேர்ந்துவிடுவதே அவன் நோக்கம் என்பது கத்யகர்ணாமிர்தம் என்ற வடமொழி நூல் தரும் செய்தி.

வழியில் தெள்ளாற்றில் கோப்பெருஞ்சிங்கன் காத்திருந்தான்.

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் இன்றும் தெள்ளாறு இருக்கிறது. பேருந்தில் செல்வோர் நின்று பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் காடவனுக்கு அந்த மண்ணின் பொருள் தெரிந்திருக்கும். 9-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் என்ற பல்லவன் பாண்டியனைத் தோற்கடித்துத் தெள்ளாறெறிந்தவன் என்று பெயர் பெற்ற களம் அது. அந்த நூற்றாண்டின் இறுதியில் பல்லவரின் ஆட்சியை முடித்துவைத்தவர்கள் சோழர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, பல்லவர் வழியில் வந்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் அதே தெள்ளாற்றில் சோழனை மடக்கினான். இந்தப் பொருத்தத்தை அவன் அவையின் புலவர்கள் தவறவிடவில்லை. வந்தவாசிப் பக்கத்து வயலூர்க் கல்வெட்டு அவனுடைய வெற்றியைப் பாட்டாகவே பதிவு செய்துள்ளது. சோழனைத் தெள்ளாற்றில் வென்று, அவனுடைய அரச சின்னங்களைப் பறித்து, அமைச்சரோடு சிறையிட்டுச் சோழ நாட்டையும் கொண்டான் என்பது அதன் சாரம்.

சிறை இருந்த இடம் சேந்தமங்கலம். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே, கெடிலத்தின் கரையில் காடவர் எழுப்பிய கோட்டை நகரம் அது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். கோப்பெருஞ்சிங்கன் சோழனைக் கொல்லவில்லை. அக்காலத்தில் தோற்ற மன்னனின் தலையைக் கொய்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மெய்க்கீர்த்திகள் குறைவல்ல. அவனுக்கு அதற்கு வாய்ப்பும் இருந்தது. கொல்லாமல் வைத்திருந்ததற்கு இரக்கத்தைக் காரணமாகச் சொல்வதைவிட அரசியல் கணக்கைச் சொல்வதே பொருந்தும் என்பது என் எண்ணம். உயிருள்ள சோழன் கையில் இருந்தால், சோழனின் பெயரால் நடக்கும் அரசு முழுவதும் கையில் இருக்கும். இறந்த சோழனுக்குப் பதிலாக வேறொரு சோழனைப் பாண்டியனோ போசளனோ அரியணையில் அமர்த்திவிடலாம். மன்னனைப் பிடித்துவைத்த சைமன் டி மான்ட்ஃபோர்ட்டும் ஹென்றியின் பெயராலேயே ஆணைகளை வெளியிட்டார். மன்னனை மதிக்காதவர்களுக்கும் மன்னனின் பெயர் தேவைப்பட்டது.

அவனது கணக்கில் போசளனின் வேகம் மட்டும் இடம்பெறவில்லை. அந்தக் கதையை நமக்கு விரிவாகச் சொல்வது கடலூருக்கு அருகேயுள்ள திருவயிந்திரபுரம் பெருமாள் கோயில் கல்வெட்டு. இன்று திருவந்திபுரம் என்று வழங்கும் ஊர் அது. தமிழ்க் கல்வெட்டுகளில் போர்ச் செய்தியை நாளேடு போல அடுக்கிச் சொல்வன மிகச் சில. இது அவற்றுள் முதன்மையானது. அதிலும் ஒரு விந்தை, அது மூன்றாம் இராசராசனின் 16-ஆம் ஆட்சியாண்டிட்டுப் பொறிக்கப்பட்டுள்ளது. தன் ஆட்சியாண்டைத் தாங்கிய கல்லிலேயே தான் சிறைப்பட்ட கதையைப் படிக்கவேண்டிய நிலை அம்மன்னனுக்கு ஏற்பட்டது.

கல்வெட்டு சொல்லும் நிகழ்ச்சி இவ்வாறு செல்கிறது. கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் பிடித்துவைத்து, படையைக்கொண்டு நாட்டை அழித்து, திருமால் கோயில்களையும் பாழாக்கினான் என்ற செய்தி போசள வீரநரசிம்மனை எட்டுகிறது. சோழ அரசை நிலைநிறுத்துபவன் என்ற தன் விருதைக் காக்க அவன் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்படுகிறான். வழியில் மகர நாட்டை அழிக்கிறான். அந்நாட்டரசனையும் பெண்டிரையும் கருவூலத்தையும் கைப்பற்றுகிறான். திருவரங்கத்துக்கு அருகே பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தண்டநாயகர்களைக் காடவன்மேல் ஏவுகிறான். அவர்கள் எள்ளேரியையும், கோப்பெருஞ்சிங்கன் இருந்த கள்ளியூர்மூலையையும், அவனுடைய ஆள் சோழகோன் இருந்த தொழுதகையூரையும் அழிக்கின்றனர். வீரகங்கநாடாழ்வான், சீனத்தரையன் முதலிய தலைவர்களும், ஈழத்தரசன் என்று குறிக்கப்படும் பராக்கிரமபாகுவும் மடிகின்றனர். காடவனின் படையில் ஈழத்தாரும் நின்றனர் என்பதை இதனால் அறிகிறோம்.

பிறகு தண்டநாயகர்கள் தில்லைப் பொன்னம்பலத்தை வணங்குகிறார்கள். வணங்கி முடித்து மீண்டும் நடக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாளையமிறங்கி, திருவதிகை, திருவக்கரை என்று ஊர் ஊராக அழித்தும் கொளுத்தியும் சேந்தமங்கலத்தை முற்றுகையிட நெருங்குகிறார்கள். அப்போது கோப்பெருஞ்சிங்கன் போசளனுக்குச் செய்தி அனுப்புகிறான். சோழனை விடுவிக்க இசைகிறான். தண்டநாயகர்கள் விடுதலை பெற்ற சோழனை அவன் நாட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர்.

போசளரின் நோக்கில் இது அறத்தின் வெற்றி. நான் இந்தக் கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம் வேறொன்று மனத்தை உறுத்துகிறது. கோயில்களைப் பாழாக்கினான் என்று காடவன்மீது குற்றம் சாட்டும் அதே எழுத்து, கொளுத்தப்பட்ட ஊர்களைப் பெருமைக்குரிய பட்டியலாகத் தருகிறது. எள்ளேரியில் உழுதவனுக்கும், கள்ளியூர்மூலையில் நெல் குத்திய பெண்ணுக்கும் சோழன் எந்தக் கோட்டையில் இருக்கிறான் என்பதால் என்ன ஆகப்போகிறது? அரசன் ஒருவன் விடுதலையாவதற்கு அவர்களின் கூரைகள் எரிந்தன. போர்ச் செய்தியைப் பொறித்தவர்கள் இழப்பைக் கணக்கிடவில்லை. ஊர்ப் பெயர்களையாவது விட்டுச்சென்றார்களே என்று ஆறுதல் கொள்ளவேண்டியிருக்கிறது.

திருமால் கோயில்களை அழித்தான் என்ற குற்றச்சாட்டையும் சற்று ஆராயலாம். காடவர் தில்லைக் கூத்தனிடம் பேரன்பு கொண்ட சைவர்கள் என்பது உண்மை. அதேவேளையில் புதுச்சேரிக்கு மேற்கேயுள்ள திருபுவனையில், உடைந்து கிடந்த பேரேரியின் கரையையும் மதகையும் கால்வாய்களையும் காடவ மன்னன் சீர்படுத்திய செய்தி வரதராசப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளது. வைணவத்தை வேரறுக்கப் புறப்பட்ட ஒருவனின் புகழைப் பெருமாள் கோயிலில் பொறிப்பார்களா? போரில் கோயில்கள் சேதமுற்றிருக்கலாம். கோயில் பண்டாரம் படைச்செலவுக்குப் போயிருக்கலாம். அதனைச் சமயப் பகையாகச் சித்திரிப்பது படையெடுப்பவனுக்கு வசதியான காரணம். ஏரிகளைத் தொலைத்துவிட்டு, மழை வந்தால் சாலையில் படகு தேடும் தென்சென்னைப் புறநகரில் வாழ்பவன் என்பதால், மதகைச் சீர்செய்த மன்னன்பால் எனக்குத் தனி மதிப்பு இருப்பதை நான் மறைக்கப்போவதில்லை.

விடுதலைக்குப் பிறகு காடவன் ஒடுங்கிவிட்டான் என்று எண்ணினால் தவறு. போசளரும் காடவரும் மீண்டும் மோதினர். பெரம்பலூரில் நடந்த போரில் கேசவன், அரிகரன் முதலிய போசளத் தண்டநாயகர்களைக் காடவன் கொன்றான்; அவர்களுடைய பெண்டிரையும் பொருளையும் கவர்ந்தான். இந்தச் செய்தி நமக்குக் கிடைப்பது விருத்தாசலம் கோயில் கல்வெட்டிலிருந்து. ஆனால் அது வெற்றிப் பாட்டாக அமையவில்லை. அந்தக் கொலைக்கும் கவர்தலுக்கும் கழுவாயாக, இறைவனுக்கு மணிகள் பதித்த நெற்றிப் பட்டம் ஒன்றைக் காடவன் அளித்தான் என்று அது கூறுகிறது. பட்டத்துக்குத் தன் விருதுப் பெயரையே சூட்டினான்: அவனியாளப் பிறந்தான்.

இவன் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த ஒரு செய்திதான். வென்றவர்கள் கழுவாய் தேடியதாகச் சொல்லும் கல்வெட்டுகள் நம்மிடம் எத்தனை உள்ளன? அதை உள்ளம் உருகிய மனமாற்றம் என்று நான் புகழமாட்டேன். பாவம் தீர்க்கத் தந்த அணிகலனுக்கும் உலகாளப் பிறந்தவன் என்று தன் பெயரையே வைத்தவனின் செருக்கு அப்படியே இருக்கிறது. கவர்ந்த பெண்களைத் திருப்பி அனுப்பியதாகவும் கல்வெட்டு சொல்லவில்லை. மகர நாட்டுப் பெண்டிரை வீரநரசிம்மன் கொண்டுபோனான். போசளப் பெண்டிரைக் காடவன் கொண்டுபோனான். இரு கல்வெட்டுகளிலும் அவர்கள் யானைக்கும் பொன்னுக்கும் நடுவே ஒரு சொல்லாக வந்து போகிறார்கள். இருப்பினும் செய்தது பாவம் என்று கல்லில் ஒப்புக்கொண்டவன் காடவன் ஒருவன்தான்.

இவ்விடத்தில் வரலாற்று அறிஞர்களின் வழக்கு ஒன்றைக் குறிப்பிட்டாகவேண்டும். கோப்பெருஞ்சிங்கன் ஒருவனா இருவரா என்பது அது. 12-ஆம் தொகுதியைப் பதிப்பித்த வெங்கடசுப்பையர் தந்தையும் மகனுமாக இருவர் என்று முடிவு கட்டினார். நானும் அதனையே ஏற்கிறேன். சோழனைச் சிறையிட்டபோதே வளர்ந்த படைத்தலைவனாக இருந்தவன் 1279 வரை போர் புரிந்துகொண்டிருந்தான் என்பது நம்பத்தக்கதன்று. சக ஆண்டு குறித்த கல்வெட்டுகளின்படி 1243-இல் ஒருவன் முடிசூடியிருக்கிறான். முன்னவன் மணவாளப் பெருமாள், அழகிய சீயன், சொக்கச்சீயன் எனப் பல பெயர்களால் வழங்கப்பட்டவன். சீயன் என்றால் சிங்கம். 1243-இல் முடிசூடியவன் அவன் மகன். சகலபுவனச் சக்கரவர்த்தி என்ற விருதுடன் தன் ஆட்சியாண்டையே கல்வெட்டுகளில் பொறித்தவன். சோழனின் பெயருக்குப் பின்னால் தந்தை மறைந்து நின்ற காலம் மகன் காலத்தில் முடிந்துவிட்டது.

தந்தை தில்லைக்குச் செய்த பணிக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு சான்று உண்டு. செங்கல்பட்டை அடுத்த ஆத்தூரின் கோயில் கல்வெட்டு, அவ்வூரின் வருவாயைத் தில்லையில் சொக்கச்சீயன் பெயரால் எழும் ஏழுநிலைக் கோபுரத்துக்கு ஒதுக்கிய ஆணையைப் பதிவு செய்துள்ளது. திண்டிவனம் போகும் வழியில் சுங்கம் கட்டும் ஆத்தூர் வேறு. இது காஞ்சிபுரம் சாலையில் உள்ள ஆத்தூர். பாலாற்றங்கரை உழவர்களின் நெல், வெகுதொலைவில் இருக்கும் கோபுரத்தின் கல்லாயிற்று. அந்தக் கோபுரம் தில்லையின் தெற்குக் கோபுரம் என்பது அறிஞர் பலர் கருத்து. அதன் வாயில் மேற்கூரையில் மீன் சின்னங்கள் உள்ளன. காடவன் தொடங்கியதன்மேல் பாண்டியன் தன் முத்திரையைக் குத்திவிட்டான். கீழைக் கோபுரத்தை மகன் கட்டியதாக ஆந்திரத்தின் திரிபுராந்தகம் கல்வெட்டு கூறும். பரதக் கலையின் 108 கரணங்களையும் அவற்றுக்குரிய வடமொழிச் சூத்திரங்களையும் தாங்கி நிற்கும் கோபுரம் அது. பரதத்தில் வல்லவன் என்று மகன் விருது சூடியதைப் புலவரின் மிகை என்று தள்ள அந்தச் சிற்பங்கள் இடந்தருவதில்லை.

மகனின் நெடிய ஆட்சியை விரைந்தே சொல்லலாம். 1246-இல் இளவரசனாகப் பொறுப்பேற்ற மூன்றாம் இராசேந்திரன் சோழரின் மானத்தை மீட்க முயன்றான். முன்பு சோழனைக் காத்த போசளர்கள் இப்போது சோழன் தலையெடுப்பதை விரும்பவில்லை. வடக்கே காகதியக் கணபதி காஞ்சி வரை வந்துபோனான். 1262-ஐச் சேர்ந்த மகனின் கல்வெட்டுகள் திரிபுராந்தகத்திலும் கோதாவரிக் கரையோரத் திராட்சாராமத்திலும் உள்ளன. அவன் காகதியருக்கு நண்பனாகச் சென்றானா பகைவனாகச் சென்றானா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். கெடிலக் கரையிலிருந்து கோதாவரி வரை ஒரு சிற்றரசனின் பெயர் கல்லில் ஏறியது என்பதில் வேறுபாடு இல்லை.

அந்தப் பயணத்துக்கு முன்பே அவன் பெருந்தோல்வி ஒன்றைச் சந்தித்திருந்தான். 1251-இல் மதுரையில் முடிசூடிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியனின் முன் தென்னகத்தில் எவராலும் நிற்க முடியவில்லை. காடவன் திறை அனுப்பினான். பாண்டியன் அதனை ஏற்க மறுத்துச் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான். தந்தை சோழனை அடைத்துவைத்த கோட்டை மகனின் காலத்தில் வீழ்ந்தது. யானையும் கருவூலமும் பாண்டியன் கைக்குப் போயின. பிறகு நாட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். பாண்டியனின் மெய்க்கீர்த்தி இதனை அருள் என்று சொல்லும். பெண்ணையாற்றங்கரையை ஆள அந்த மண்ணை அறிந்த ஒருவன் வேண்டும் என்பதை அந்தப் பாண்டியன் அறிந்திருந்தான் என்று நான் சொல்வேன்.

சைமன் டி மான்ட்ஃபோர்ட்டுக்குக் கிடைக்காதது காடவருக்குக் கிடைத்தது இதனால்தான். இங்கிலாந்தில் அரியணை ஒன்றே. அதனைத் தொட்டவன் வென்றாகவேண்டும், அல்லது சாகவேண்டும். 13-ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் சோழன், பாண்டியன், போசளன், காகதியன் என நான்கு வல்லரசுகள் ஒன்றையொன்று அஞ்சி நின்றன. எவன் வென்றாலும் நடுவே நிற்கும் காடவனை அழிப்பதைவிட வைத்துக்கொள்வது ஆதாயம். அந்த இடைவெளியை அளந்து, ஐம்பதாண்டுகளுக்குமேல் இரு தலைமுறை அதில் வாழ்ந்துகாட்டியது. அதனைச் சந்தர்ப்பவாதம் என்று பெயரிடுவோர் இடலாம். அந்நாளில் வேறு எந்த வாதத்தைக் கடைப்பிடித்த அரசன் இருந்தான் என்பதையும் அவர்களே சொல்லவேண்டும். சோழனைக் காத்த போசளன் அடுத்த தலைமுறையில் சோழனோடு போரிட்டான். நாட்டைத் திருப்பித் தந்த பாண்டிய மரபே பின்னர் அந்த நாட்டை விழுங்கியது. விசுவாசம் என்ற சொல்லைச் சிற்றரசனிடம் மட்டும் கேட்பது நேர்மையாகாது.

சேந்தமங்கலத்தில் காடவர் கட்டிய ஆபத்சகாயேசுவரர் கோயில் இன்றும் நிற்கிறது. கோட்டை இருந்த மண்ணில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்துள்ளது. கோயிலில் உள்ள கற்குதிரைகளைத் தட்டினால் வெண்கலம்போல் ஒலி எழும். அங்குச் செல்வோர் பெரும்பாலும் அதனைத் தட்டிப் பார்க்கவே செல்கின்றனர். தாம்பரத்தில் ஏறினால் திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம், விழுப்புரம் கடந்து உளுந்தூர்ப்பேட்டை வரை நேர்வழிதான். திரும்பும்போது கடலூர்ப் பக்கமாக வந்தால் திருவந்திபுரத்தில் போசளர் வெட்டிய கல்லையும் பார்த்துவிடலாம். இரு தரப்பின் வாக்குமூலத்தையும் ஒரே நாளில் கேட்கும் வாய்ப்பு வரலாற்றில் அடிக்கடி கிடைப்பதில்லை.

மகன் கோப்பெருஞ்சிங்கனின் பெயர் கடைசியாகக் காணப்படுவது 1279-இல். கடைசிச் சோழனாகிய மூன்றாம் இராசேந்திரனின் பெயரும் அதே 1279-க்குப் பிறகு கல்வெட்டுகளில் இல்லை. இருவருடைய நாடுகளும் மாறவர்மன் குலசேகர பாண்டியனிடம் போய்ச் சேர்ந்தன.